ஆற்று ஓங்கில்களும் அரசாணைகளும்

மௌரியப் பேரரசனாகிய அசோகன் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் நிரம்பிய பின்னர்ப் பொறிப்பித்த ஐந்தாந் தூண் சாசனம், கொல்லப்படலாகாதென அவன் விதித்த உயிர்களின் பெயர்களை வரிசைப்படுத்திக் கூறுகின்றது. கிளி, நாகணவாய், சக்கரவாகம், அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் என்று செல்லும் அவ்வரிசையில் 'கங்காபுபுடக' என்னும் பெயரும் ஒன்று. கங்கையாற்றில் வாழும் ஓங்கிலையே அப்பெயர் குறிக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் முடிபு. சோழரையும் பாண்டியரையும் தம்பபண்ணியாகிய நமது தீவையும் பாறைச் சாசனங்களிற் குறிப்பிட்ட அம்மன்னன், கங்கையில் மூச்செடுக்க மேலெழும் ஒரு விலங்கையும் மறந்தானல்லன். அதே சாசனம், சதுர்மாசத்துப் பூரணை நாள்களிலும் பூச நாளிலும் வேறு சில நாள்களிலும் மீனைக் கொல்லுதலும் விற்றலும் ஆகா என்றுந் தடுக்கின்றது. ஆற்று ஓங்கிலைக் காத்தற்கு ஓர் அரசு பிறப்பித்த ஆணைகளுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் மிகப் பழையது இதுவே.

டொல்பின் எனப் பலரும் வழங்கும் கடல் ஓங்கிலை நம் கரையோர மக்கள் நன்கறிவர். கடலையே காணாது ஆற்று நன்னீரிற் பிறந்து அந்நீரிலேயே மடியும் ஓங்கில்கள் சில உள என்பது பலர் அறியாதது. ஆசியாவில் கங்கை, சிந்து, யாங்சி என்னும் மூன்று பேராறுகளில் அத்தகைய இனங்கள் வாழ்ந்தன. அவற்றைக் காத்தற்கு இந்தியா, பாகிஸ்தான், சீனா ஆகிய நாடுகளின் அரசாங்கங்கள் எடுத்த முயற்சிகள் ஒரே காலப்பகுதியில், ஏறக்குறைய ஒரே வகைச் சட்டங்களோடு தொடங்கின. ஆயினும் அவற்றின் முடிவுகள் பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டின் காரணம் வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

முதலில் விலங்கின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஓங்கில் மீனன்று, நுரையீரலாற் சுவாசித்துக் குட்டியீன்று பாலூட்டும் முலையூட்டி. கங்கையிலும் சிந்துவிலும் வாழும் இனங்களின் கண்களில் வில்லை இல்லை. ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அக்கண்கள் பயன்படுவதில்லை. வண்டல் கலங்கிய நீரிற் கண்ணாற் பயன் யாது? அவை இடைவிடாது நுண்ணொலிகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியால் இரையையும் தடையையும் அறிகின்றன. ஆழங் குறைந்த நீரில் ஒருபக்கமாகச் சரிந்து, துடுப்பினால் ஆற்றடியைத் தடவிக்கொண்டே நீந்துவது இவற்றுக்கேயுரிய வழக்கம். பெண் ஆணிலும் பெரியது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனும் உயிராதலால், குறைந்த தொகை மீளப் பெருகுதற்கு நெடுங்காலம் செல்லும். கோடையிலும் வற்றாத ஆழமான மடுவும் அம்மடுவில் மீனும் இல்லையேல் இவ்விலங்கு இல்லை.

வட இந்தியாவில் இதனை 'சூஸ்' எனவும் 'சூன்ஸ்' எனவும் வழங்குவர். வடமொழி நூல்களில் வரும் சிம்சுமாரம் என்னும் சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். பாகவதத்தின் ஐந்தாங் கந்தம், துருவனை வாலின் நுனியிலே கொண்ட சிம்சுமார வடிவமாக விண்மீன் மண்டலத்தை வருணிப்பது சைவ வைணவ மாணவர் பலரும் அறிந்ததே. மொகலாயப் பேரரசை நிறுவிய பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்து ஆறுகளில் வாழும் 'நீர்ப்பன்றி'யைப் பற்றி எழுதினார். மூச்செடுக்கும்பொழுது எழும் ஒலியாலும் உடலின் கொழுப்பாலும் அவ்விலங்கு பன்றியை ஒத்துத் தோன்றியிருத்தல் கூடும்.

அசோகன் காலத்தில் ஓங்கிலுக்குப் பகையாயிருந்தது மனிதனுடைய கையும் அக்கையிலிருந்த எறிகோலும் வலையுமே. கையைத் தடுத்தாற் போதும். ஆற்றைப் பற்றி ஆணையிடவேண்டிய தேவை எழவில்லை, ஏனெனில் கங்கையின் போக்கை மாற்றும் வல்லமை எவனுக்கும் இருந்ததில்லை. அவ்வல்லமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் பொறியியலாளருக்கு வாய்த்தது. 1854 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், கோட்லி என்னும் பொறியியலாளர் அமைத்த கங்கைக் கால்வாய் ரூர்க்கியிலே திறந்துவைக்கப்பட்டது. அக்கால்வாய் பல மாவட்டங்களைப் பஞ்சத்தினின்றும் காத்தது என்பதை மறைத்தலாகாது. ஆனால் அன்று தொடக்கம் ஆற்றின் நீர் ஆற்றுக்கே உரியது என்னும் நிலை ஒழிந்தது.

பிரித்தானியர் ஆட்சி இவ்விலங்கை அறியாத ஆட்சியன்று. 1801 ஆம் ஆண்டிலேயே வில்லியம் ரொக்ஸ்பேர்க் அதனை ஆராய்ந்து விவரித்தார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த ஜோன் அண்டர்சன், 1879 ஆம் ஆண்டளவில் வெளியான தம் நூலில் அது வாழும் ஆற்றுப் பகுதிகளையெல்லாம் குறித்தார். சிந்து ஆற்றுத் தொகுதியில் கழிமுகந் தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரையிலும், ஜீலம், செனாப், ராவி, சத்லஜ், பியாஸ் என்னுங் கிளையாறுகளிலும் அது காணப்பட்டது. 1879 ஆம் ஆண்டிலேயே யானைகளைப் பாதுகாக்குஞ் சட்டமும் இந்தியாவில் இயற்றப்பட்டது. யானை சுமை இழுத்தது, பாரந் தூக்கியது, ஆதலால் அதற்குச் சட்டம் வந்தது. ஓங்கிலுக்கு அத்தகைய பயன் எதனையும் அரசு காணவில்லை. 1897 ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடித்தலைத் தடுத்தமையால் அதற்குஞ் சிறிது நன்மை விளைந்திருக்கலாம்.

சிந்துவிலே நிகழ்ந்தது இன்னும் விரைவானது. 1923 இல் தொடங்கி 1932 இல் முடிவுற்ற சுக்கூர் மதகணை ஏழு கால்வாய்களுக்கு நீர் வழங்கி, சிந்து மாகாணத்தின் பாலை நிலத்தைப் பயிர் நிலமாக்கியது. அதனைத் தொடர்ந்து ஆற்றின் மேலும் கீழும் மதகணைகள் எழுந்தன. 1947 இல் நாடு பிரிந்தது. 1960 ஆம் ஆண்டு சிந்துநதி நீர் ஒப்பந்தம் கிழக்கிலுள்ள மூன்று ஆறுகளை இந்தியாவுக்கும் மேற்கிலுள்ள மூன்றினைப் பாகிஸ்தானுக்கும் பகிர்ந்தளித்த பின்னர், கட்டுவேலை மேலும் பெருகிற்று. குட்டு மதகணை 1962 இல் முடிவுற்றது. ஒவ்வோர் அணையும் ஓங்கில்களை ஒரு துண்டு ஆற்றுக்குள் அடைத்தது. அண்டர்சன் குறித்த ஆற்றுப்பரப்பு பதினேழு துண்டுகளாயிற்று என்றும், அவற்றுட் பத்தில் ஓங்கில் அடியோடு அழிந்தது என்றும், ஆறில் மட்டுமே எஞ்சியது என்றும் 2014 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவ்வழிவுக்குத் தலையாய காரணம் கோடையில் ஆற்றில் நீர் குன்றியமையே என்பதும் அவ்வாய்வின் முடிபு. வேட்டையைக் காட்டிலும் நீர்ப்பங்கீடே கொடிய பகையாயிற்று.

1970 ஐ அடுத்த ஆண்டுகளிற் சுவிற்சலாந்து நாட்டுப் பேராசிரியர் பில்லேரி சிந்துவுக்குச் சென்று ஆராய்ந்தார். சுக்கூருக்கும் குட்டுவுக்கும் இடையில் ஏறக்குறைய 150 ஓங்கில்களே எஞ்சின என்பது அவர் மதிப்பீடு. கரையோர மக்கள் அவற்றை இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் வேட்டையாடி வந்தனர். சிந்து மாகாண அரசாங்கம் 1972 இல் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்து வேட்டையைத் தடுத்தது. 1974 இல் அவ்விரு மதகணைகளுக்கும் இடைப்பட்ட ஆற்றுப்பகுதி முழுவதும், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் நீளம், ஓங்கிலுக்குரிய ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் ஏட்டளவில் நின்ற பல பிரகடனங்களுள் ஒன்றாகியிருக்கும். சிந்து மாகாணத்து வனசீவராசிகள் திணைக்களம் மேற்கொண்ட வேறொரு பணியே குறிப்பிடத்தக்கது. மதகுகள் திறந்திருக்கும்பொழுது ஓங்கில்கள் ஆற்றிலிருந்து பாசனக் கால்வாய்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. நீரோட்டத்தை எதிர்த்து மீள அவற்றால் இயல்வதில்லை. ஆண்டுதோறுஞ் சனவரி மாதத்திற் கால்வாய்களைத் தூர்வாருதற்காக மதகுகள் மூடப்படும். நீர் வடிய, உள்ளே அகப்பட்டவை குட்டைகளில் ஒதுங்கி உயிருக்கு ஊசலாடும். திணைக்கள ஊழியர் மீனவரைத் துணைக்கொண்டு வலையால் அவற்றை வளைத்துப் பிடித்து, ஈரத்துணி போர்த்து, வண்டியில் ஏற்றிச் சென்று ஆற்றிலே விடுவர். 1990 ஐ அடுத்த ஆண்டுகளிலிருந்து இப்பணி தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. ஒருகாலத்தில் ஓங்கிலை வேட்டையாடிய சமூகத்தினரின் கைத்திறனே இன்று அதனைக் காக்கின்றது. நீர்ப்பாசனத் திணைக்களம் மதகு மூடும் நாளை வனசீவராசிகள் திணைக்களம் முன்கூட்டியே அறிந்திருந்தாலன்றி இது நடவாது என்பதையும் நோக்குக.

2001 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கில் பாகிஸ்தான் முழுவதிலும் 965 ஓங்கில்கள் எண்ணப்பட்டன. அவற்றுள் 602 அவ்வொதுக்கிடத்தில் வாழ்ந்தவை. 2017 இல் மொத்தத் தொகை 1,800 ஐச் சற்றே கடந்தது. கணக்கெடுத்த முறைகள் வேறுபட்டமையால் இவ்வெண்களை நேருக்குநேர் ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது. எனினும் 1974 க்கும் 2008 க்கும் இடையில் ஒதுக்கிடத்து ஓங்கில்கள் ஆண்டுக்கு 5 வீதத்துக்குச் சற்று மேலாகப் பெருகின என்னும் ஆராய்ச்சி முடிபு தக்க சான்றுடையது. இடையூறுகள் நீங்கிவிடவில்லை, 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுக்கூரை அடுத்து, நீரில் நஞ்சிட்டு மீன்பிடித்ததன் விளைவாகச் சில ஓங்கில்கள் மாண்டன.

சிந்துவில் இவ்வாறு நிகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளிற் சீனாவிலும் ஓர் அரசாங்கம் தன் ஓங்கிலைக் காக்க முனைந்தது. பணமும் ஆராய்ச்சி நிலையமும் அறிஞர் குழுவும் சிந்து மாகாணத்தினும் அங்கே மிகுதி. ஆயினும் அந்த ஓங்கில் இன்றில்லை.

யாங்சி ஆற்று ஓங்கிலைச் சீனர் 'பைஜி' என்பர். வெண்மை கலந்த அவ்விலங்கை, நீரில் மூழ்கி இறந்த மங்கையொருத்தியின் மறுபிறப்பெனக் கருதி மீனவர் போற்றிவந்தனர். மேலைநாட்டு விலங்கியலாருக்கு அது 1918 ஆம் ஆண்டிலேயே அறிமுகமாயிற்று. 1958 இல் தொடங்கிய பெரும் பாய்ச்சல் என்னும் இயக்கத்தின்போது பழைய நம்பிக்கைகள் மூடநம்பிக்கைகளென இகழப்பட்டதாகவும், பைஜி இறைச்சிக்கும் தோலுக்குமாகக் கொல்லப்பட்டதாகவுங் கூறுவர். மக்களின் நம்பிக்கை விதித்திருந்த தடையை ஓர் அரசு நீக்கிவிட்டுப் பின்னர் அத்தடையையே சட்டத்தால் மீளக் கொணர முயன்றமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

1980 ஆம் ஆண்டு சனவரியில், டொங்டிங் ஏரியின் வாயிலுக்கு அண்மையில் மீனவரிடம் அகப்பட்ட ஆண் பைஜி ஒன்று வூகான் நகரத்து நீருயிரியல் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 'சீசீ' எனப் பெயரிடப்பட்ட அது தூண்டிலாற் பட்ட புண் ஆறி அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. அதற்கு இணை தேடி 1986 இற் பிடிக்கப்பட்ட பெண் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளில் இறந்தது. 1980 அளவில் நானூறு என்று மதிக்கப்பட்ட பைஜிகளின் தொகை 1986 இல் முந்நூறாகவும் 1990 இல் இருநூறாகவுங் குறைந்தது. 1988 இல் இயற்றப்பட்டு 1989 இல் நடைமுறைக்கு வந்த வனசீவராசிகள் சட்டத்தின்கீழ் அது முதல் வகுப்புப் பாதுகாப்புப் பெற்றது. அஃதாவது, பாண்டாக் கரடிக்குச் சமமான நிலை.

ஆனால் பைஜியைக் கொன்றவன் பைஜியைத் தேடிச் சென்றவனல்லன். ஆற்றடியில் நூற்றுக்கணக்கான கொக்கிகளைக் கோத்துக் கிடத்தும் உருளைத் தூண்டிற் கயிறுகள் வேறு மீனுக்கென இடப்பட்டன. அவற்றில் ஓங்கில்கள் மாட்டி மாண்டன. பின்னர் மின்சாரத்தைப் பாய்ச்சி மீன்பிடிக்கும் முறை பரவிற்று. இவை இரண்டும் சட்டத்தால் விலக்கப்பட்டவையே. எனினும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஆற்றில் அவ்விலக்கை நடைமுறைப்படுத்துவோர் போதியவராயிருக்கவில்லை. கப்பற் போக்குவரத்து ஆண்டுக்காண்டு பெருகி ஓங்கிலின் செவியை மறைத்தது. 1981 இல் கெசௌபா அணை ஆற்றைக் குறுக்கே அடைத்தது. 1992 ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. ஹூபெய் மாகாணத்தில் ஆற்றிலிருந்து பிரிந்துபோன தியன்-அ-சோ என்னும் வளைவு ஏரி அவ்வாண்டிலே பைஜிக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்பிரலில் மூன்று பள்ளத்தாக்கு அணையைக் கட்டுதற்குத் தேசிய மக்கள் பேரவை இசைவு தெரிவித்தது. ஓங்கிலுக்கு ஏரியும் ஆற்றுக்கு அணையும் ஒரே அரசு ஒரே ஆண்டில் வழங்கிய இருவகைக் கொடைகள்.

அவ்வேரிக்குள் விடப்பட்ட பைஜி ஒன்றே ஒன்றுதான். 1995 டிசெம்பரில் விடப்பட்ட அப்பெண், மறுவருடக் கோடையில் வலையிற் சிக்கி இறந்து கிடந்தது. ஓங்கிலை ஆற்றிலேயே வைத்துக் காப்பதா, ஏரிக்கு மாற்றிக் காப்பதா என்னும் விவாதம் 1986 இல் வூகானிற் கூடிய அறிஞர் மாநாட்டிலிருந்து பல ஆண்டுகள் நீடித்தது. விவாதித்தவர் அறிவிலும் அக்கறையிலும் குறைந்தவரல்லர். அவர்களுக்கு இல்லாதிருந்தது காலம். 1997 இல் ஆறு முழுவதையும் தேடியவர்கள் கண்டவை பதின்மூன்று. 2002 யூலையில் சீசீ இறந்தது. 2006 நவம்பர் டிசெம்பர் மாதங்களில் இரண்டு கப்பல்கள், கருவிகளோடும் பல நாட்டு அறிஞரோடும், ஆறு கிழமை, ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர் தூரம் மேலுங் கீழுமாகத் தேடின. ஒரு பைஜியும் புலப்படவில்லை. மறுவருடம் அவ்வினம் அற்றுப்போனதாகக் கொள்ளவேண்டும் என்னும் முடிபு வெளியாயிற்று.

அதே ஆற்றில் வாழும் துடுப்பிலாக் கடற்பன்றி என்பது வேறோர் இனம். பைஜிக்கு வைத்த ஏரி அதற்குப் பயன்பட்டது. தியன்-அ-சோவில் இப்போது நூற்றுக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. ஆற்றிலோ 2006 இல் 1,800 அளவிலிருந்த தொகை 2017 இல் 1,012 ஆயிற்று. அதன் பின்னரே சீன அரசாங்கம் முன்பு செய்யத் துணியாததைச் செய்தது. 2021 சனவரி முதலாந் தேதி தொடங்கிப் பத்தாண்டுக்கு யாங்சியில் மீன்பிடித்தொழிலையே நிறுத்தியது. மீனவருக்கு வேறு பிழைப்பும் நட்டஈடும் வழங்க ஏற்பாடு செய்தது. யாங்சிப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்தது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கில் கடற்பன்றிகள் 1,249 எனக் காணப்பட்டது, கணக்கெடுப்புத் தொடங்கிய பின் தொகை உயர்ந்த முதற் சந்தர்ப்பம். இத்தகைய விலை பைஜிக்காகக் கொடுக்கப்படவில்லை. அவ்விலையைச் செலுத்தியவர் பெரும்பாலும் ஏழை மீனவர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

இனிக் கங்கையைக் காண்போம். 1972 ஆம் ஆண்டு இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கங்கை ஓங்கிலை முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. மூன்றாண்டின் பின், 1975 இல், பராக்கா மதகணை இயங்கத் தொடங்கிற்று. கல்கத்தாத் துறைமுகத்தின் சேற்றை அகற்றுதற்கென எழுந்த அவ்வணை, கீழேயுள்ள ஓங்கில்களையும் மேலேயுள்ளவற்றையும் பிரித்ததோடு, கடலிலிருந்து கங்கையில் ஏறிவரும் உல்லம் மீனின் வரவையுங் குறைத்தது. புலித் திட்டம் 1973 இலும் யானைத் திட்டம் 1992 இலும் தொடங்கின. ஓங்கில் திட்டம் அறிவிக்கப்பட்டது 2020 ஓகஸ்டிலேதான். இடைப்பட்ட காலத்திற் பெரும்பகுதி, கங்கையைப் பற்றி அரசு பேசியதெல்லாம் கழிவுநீரைப் பற்றியே. 1985 ஐ அடுத்து வகுக்கப்பட்ட கங்கைச் செயற்றிட்டத்தின் தொடர்பிலே பாட்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். கே. சின்ஹா ஓங்கில்களை ஆராயத் தொடங்கினார். பீகாரிலும் அசாமிலும் கெளிற்றினத்து மீன்களைக் கவர்தற்கு மீனவர் ஓங்கிலின் எண்ணெயை நீரிலே தூவுவர் என்பதை ஆராய்ந்து, மீன்கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அதே பயனைத் தரும் என அவர் நிறுவினார். தண்டனையை மட்டுங் காட்டாது மாற்றுவழியையுங் காட்டிய முயற்சிகளுள் இஃது ஒன்று.

1991 இற் பீகார் அரசாங்கம் பாகல்பூர் மாவட்டத்தில், சுல்தான்கஞ்சிலிருந்து ககல்கான் வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர் ஆற்றை விக்கிரமசீலக் கங்கை ஓங்கிற் சரணாலயமாக அறிவித்தது. பால மன்னன் தருமபாலன் நிறுவிய விக்கிரமசீலப் பௌத்தக் கழகத்தின் இடிபாடுகள் அவ்வூர்ப்பக்கத்தில் உள்ளமையால் அப்பெயர் வந்தது. அறிவித்த இடம் வெற்றிடமன்று. மொகலாயர் காலத்திலிருந்தே அப்பகுதி ஆற்றின் மீன்பிடியுரிமை ஜமீன்தார் வசமிருந்தது. நிலத்துக்கு ஜமீன் ஒழிந்த பின்னரும் நீருக்கு ஒழியவில்லை. அதனை எதிர்த்து 1982 இல் ககல்கானில் மீனவர் கங்கா முக்தி இயக்கத்தைத் தொடங்கினர். நெடுங்காலப் போராட்டத்தின் பின் அரசு பாரம்பரிய மீனவருக்கு வரியில்லாத மீன்பிடியுரிமையை வழங்கிய காலமும், அதே நீரைச் சரணாலயமாக்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. தலைமுறை தலைமுறையாக வரி செலுத்திய மீனவன் தன் ஆற்றைப் பெற்ற மாத்திரத்தில் அங்கே வலைவீசுதல் குற்றமாகலாம் என்னும் நிலை எழுந்தது. சிறுகண் வலையும் நுளம்புவலையும் கொண்டு மீன்குஞ்சையும் அரித்தெடுப்போர் வேறு. பாரம்பரிய மீனவர் வேறு. இவ்விருவரையும் பிரித்தறிதற்குச் சட்டம் உதவவில்லை. மீன் குறைந்தமையால் ஓங்கிலும் மீனவனும் ஒரே மடுவையே நாடினர்; வலையில் மாட்டும் ஓங்கில்களிற் பல அவ்வாறு மாட்டியவையே.

2009 ஒக்டோபரில், பிரதமர் மன்மோகன் சிங் தலைமையிற் கூடிய தேசிய கங்கை ஆற்றுப்படுகை அதிகாரசபை, ஓங்கிலைத் தேசிய நீர்வாழ் விலங்கெனக் கொள்ளத் தீர்மானித்தது. 2010 இல் அது முறைப்படி அறிவிக்கப்பட்டு, அதற்கெனப் பத்தாண்டுச் செயற்றிட்டமும் வகுக்கப்பட்டது. இப்பெருமையோடு ஒரு முரண்பாடும் நின்றது. ஹல்தியாவிலிருந்து அலகாபாத்துவரை 1,620 கிலோமீற்றர் கங்கை 1986 ஆம் ஆண்டிலேயே முதலாந் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் நீர்வழிகளை 111 ஆக உயர்த்திற்று. கப்பல் செல்லுதற்கு ஆற்றடியைத் தோண்டி ஆழமாக்க வேண்டும். அந்நீர்வழி விக்கிரமசீலச் சரணாலயத்தின் நடுவே செல்கின்றது. கோடையில் நீர் ஆழங்குறைந்திருக்கும்பொழுது கப்பலின் ஒலி ஓங்கிலின் உடலுழைப்பையும் களைப்பையும் மிகுவிக்கின்றது என 2019 இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. செவியாலேயே உலகைக் காணும் உயிருக்கு இரைச்சல் என்பது இருளுக்கு ஒப்பானது. நீர்வழிகளுக்கு ஓர் அமைச்சு, ஓங்கிலுக்கு ஓர் அமைச்சு, பாசனத்துக்கு இன்னோர் அமைச்சு என்னும் பிரிவே இங்கும் இடருக்கு வித்தாயிற்று.

பங்களாதேசமும் 2012 இற் சுந்தரவனத்து ஆறுகளில் மூன்று ஓங்கிற் சரணாலயங்களை அமைத்தது. இந்தியாவில் ஓங்கில் திட்டத்தின் பயனாக முதன்முறை ஒரு முழுக்கணக்கு எடுக்கப்பட்டது. 2021 தொடங்கி 2023 வரை எட்டு மாநிலங்களின் 28 ஆறுகளில், 8,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் படகிற் சென்று எண்ணினர். 2025 மார்ச்சு மாதத்தில் வெளியான அக்கணக்கின்படி நாட்டில் 6,327 ஆற்று ஓங்கில்கள் உள்ளன. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635, ஜார்க்கண்டில் 162, இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் சேர்த்து 95. 2024 டிசெம்பரில் அசாமிற் கங்கை ஓங்கில் ஒன்றுக்கு முதன்முறையாகச் செய்மதிக் குறிகருவி பொருத்தி ஆற்றிலே விட்டனர். எந்த மடுவில் எந்தப் பருவத்திலே தங்குகின்றது என்பது அதனால் அறியப்படும். மடுவை அறிந்தாலன்றி, எந்த மதகை எப்பொழுது எவ்வளவு திறக்க வேண்டும் என்று பாசனத்துறையிடம் கேட்டல் இயலாது.

அக்கணக்கிலே எஞ்சிய மூன்றும் பஞ்சாபில், பியாஸ் ஆற்றில் உள்ளவை. அவை கங்கை இனத்தனவல்ல, சிந்து இனத்தன. இந்தியப் பகுதியில் அடியோடு அற்றுப்போயின என்று கருதப்பட்ட அவ்வினம் 2007 இல் அங்கே மீண்டும் காணப்பட்டது. 2019 இற் பஞ்சாப் அரசாங்கம் அதனை மாநில நீர்வாழ் விலங்காக அறிவித்தது. மேலே பொங் அணை. கீழே ஹரிக்கே மதகணை. 1960 ஆம் ஆண்டு ஒப்பந்தம் பியாஸை இந்தியாவுக்கு அளித்தபொழுது, அவற்றின் இனத்தவர் எல்லைக்கு அப்பால், கீழுள்ள ஆற்றில் இருந்தனர். அவ்விரண்டு அணைகளுக்கும் நடுவில் இருப்பன அந்த மூன்றே.